பார்ட்டனுக்கு பேஸ்ட்: நல்லதுதான், நிலைக்கமாட்டேன் என்கிறதே!

ஏஎம்டியின் பழைய கம்ப்யூட்டர் பிராசஸரான அத்லான் எக்ஸ்பிக்கு எந்த தெர்மல் பேஸ்ட் (சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தப் பூசும் பசை) போடலாம் என்று நண்பர் கேட்டார். அவரிடம் இருப்பது அதில் பார்ட்டன் வகையான 2500+.

68 வாட் சூட்டுக்கு இன்று கடையில் கிடைக்கும் சுமாரான பேஸ்ட்டே போதும். முதல் சில மாதங்களுக்குக் குறையே சொல்ல முடியாது. பிறகுதான் எரிச்சல். இந்தப் பிராசஸருக்கு உலோக மேல்மூடி கிடையாது. சுமார் 1 சதுர செ.மீ. டை (சிலிக்கான் சில்லு) நேரடியாக ஹீட்சிங்க்கில், அதாவது சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டியில், அழுந்துகிறது. சூடாகி ஆறும்போதெல்லாம் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் பேஸ்ட் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்படும். கழற்றிப் பார்த்தால் டையின் நடுவே வெறும் பளபளப்பு, சுற்றிலும் திரண்ட பேஸ்ட்.

சும்மா இருக்கும்போது வெப்பநிலை வழக்கம்போலவே காட்டும். வேலை கொடுத்ததும் சரசரவென ஏறும். சாக்கெட் (பிராசஸரைப் பொருத்தும் இடம்) நடுவிலுள்ள சென்சாரை நம்பும் மதர்போர்டுகளில் அதுவும் தாமதமாகத்தான் தெரியும். டைக்கு வரம்பு 85 டிகிரி என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணியான பேஸ்ட் சீக்கிரம் ஓடிவிடும், கெட்டியானதே மேல். மிளகில் பாதி எடுத்து, பிளாஸ்டிக் அட்டையால் டை முழுக்க மெலிதாகத் தடவினால் போதும். வெள்ளி கலந்தது வேண்டவே வேண்டாம்: டையைச் சுற்றிலும் பிரிட்ஜ்கள் எனும் நுண்ணிய இணைப்புப் புள்ளிகளும் குட்டிக் கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன, வழிந்ததைத் துடைத்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஹீட்சிங்க்கைக் கழற்றுமுன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பவரைப் பிடுங்கி, கிளிப்பை எடுத்தபின் நேராகத் தூக்குங்கள். முறுக்கினால் டையின் மூலை உடையும். துடைக்க 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.

பேஸ்ட் மேல் பழி போடுமுன் ஹீட்சிங்க்கின் அடியைப் பாருங்கள். ஒரு பக்கம் படிபோல வெட்டியிருக்கும்; சாக்கெட்டின் உயர்ந்த விளிம்பு அந்த இடத்தில்தான் வரவேண்டும். திருப்பி மாட்டினால் ஹீட்சிங்க் சாய்ந்து டையில் சரியாகப் படியாது. எந்தப் பேஸ்ட்டும் காப்பாற்றாது.

பேஸ்ட்டுக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். ஆனாலும் வாங்காதீர்கள்! ஏஎம்டியே அந்தக் காலத்தில் பேஸ்ட்டை விட்டுவிட்டு, சூட்டில் இளகும் பட்டையைத்தான் பரிந்துரைத்தது. நாம்தான் அதைச் சுரண்டிப் போட்டோம். இன்று அதே வகையில் ஹனிவெல் பிடிஎம்7950 கிடைக்கிறது. டை அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். 45 டிகிரி வாக்கில் இளகிப் படியும். முதல் சில தடவை சூடேறி ஆறும்வரை வெப்பநிலை சற்றுக் கூடவே காட்டும், பதறிப்போய்க் கழற்றிவிடாதீர்கள்.