கழுத்து இறுக்கம்: சும்மா இழுப்பதா, இறுக்கி விட்டு இழுப்பதா?

முக்கூடல் பக்கம் நாள் முழுக்க பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் மதினிமார் பிசியோதெரபிக்கு வந்தால் கேட்கும் கேள்வி இது.

சும்மா இழுப்பது: தலையை ஒரு பக்கம் சாய்த்து 30 விநாடி நிறுத்துவது.
இறுக்கி விடுவது: சாய்த்தபடியே தலையைப் பிடித்த கைக்கு எதிராகத் தலையால் 5, 6 விநாடி தள்ளி, தளர்த்தி, இன்னும் கொஞ்சம் சாய்ப்பது. மூன்று தடவை. 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் காபட் வகுத்த பி.என்.எஃப். (நரம்பையும் தசையையும் சேர்த்துப் பழக்கும் சிகிச்சை) முறையின் வழி வந்தது.

செலவு: இரண்டுக்கும் காசில்லை.

எளிமை: முதலாவது, தட்டை இறக்கி வைத்த இடத்திலேயே முடியும். இரண்டாவதை ஒரு தடவையாவது ஆள் பார்த்துச் சொல்லித்தரணும். நம்ம ஆட்கள் "தள்ளுங்க" என்றதும் முழு பலத்தையும் காட்டிவிடுவார்கள். கால் பங்கு போதும். மூச்சை அடக்கவே கூடாது, பிரஷர் இருந்தால் கட்டாயம்.

பலன்: அப்போதைக்குக் கழுத்து கூடுதலாகத் திரும்புவது இரண்டாவதில்தான். வாரக்கணக்கில் விடாமல் செய்தால் பெரிய வித்தியாசமில்லை.

தனியாக, தினமும் செய்ய முதலாவது. பிடிப்பு விடவே மாட்டேங்குது, சொல்லித்தர ஆளும் உண்டு என்றால் இரண்டாவது. கை மரத்துப்போனால் இரண்டும் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்க.