நாலு வருடம், ஐந்து பேர், ஒரு குசினி

2021 கடைசியில் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இந்தக் கல்வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கனடாவில், திறப்பு பக்கத்து வளவில் இருக்கும் அவருடைய பெரியம்மாவிடம். ஐந்து பெண்கள். நான் அலுவலக வேலை, மன்னார் அக்கா ஆசிரியை, வவுனியாக்காரி தாதி, மற்ற இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மட்டக்களப்புப் பிள்ளைகள். தனியாக ஒரு பெண் வீடு தேடினால் இங்கே "குடும்பத்துக்குத்தான் குடுப்பம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அப்படி ஐந்து இடத்தில் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன், கூடி வாழும் ஆசையில் இல்லை.

முதல் சில மாதம் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரே குசினியில் ஐந்து தட்டு, ஐந்து உப்புப் போத்தல், ஐந்து பேரின் தேங்காய். என்னுடைய பால்மாவை யார் எடுத்தது என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டிருக்கிறோம். வாடகையை மட்டும் பங்கு போட்டுக்கொண்டு மற்றதெல்லாம் தனித்தனி என்றால் அது விடுதி வாழ்க்கைதான், அதைவிட ஒரு படி கீழே என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் விடுதியில் கூட்டுவதற்காவது ஒருவர் வருவார்.

பிறகு 2022 வந்தது, நாட்டின் பொருளாதார நெருக்கடியோடு. காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பின்வளவில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினோம். ஒரு அடுப்பில் ஐந்து பேர் தனித்தனியாகச் சமைக்க ஏலாது, அவ்வளவுதான் காரணம், யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. வரிசையில் நிற்பவர் நிற்க, மற்றவர் புட்டு அவிக்க, இருட்டில் ஒரே சட்டியைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். காஸ் திரும்ப வந்தபோது தட்டுகளைப் பிரிக்கலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சாமான் காசு ஒரு டப்பாவில், செலவு ஒரு கொப்பியில், சமையல் முறை வைத்து. யாழ்ப்பாணத்துக்கு இது புதுசில்லை. காணி உறுதியிலேயே கிணற்றில் இத்தனை பங்கு என்று எழுதி, முறை வைத்து இறைத்த ஊர் இது. தண்ணீருக்குப் பழகிய கணக்கை அடுப்புக்குக் கொண்டுவந்தோம்.

இதன் சுகத்தைச் சொல்ல ஒடியல் கூழைத்தான் சொல்லவேண்டும். ஒடியல் என்றால் காயவைத்த பனங்கிழங்கு, அந்த மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை வடிக்க வேண்டும், மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை என்று ஒரு கடகம் சாமான் வேண்டும். ஒரு ஆளுக்கு யார் இதைக் காய்ச்சுவார்? மழைக்காலத்தில் பின்தாவாரத்தில் ஐந்து பேரும் பனையோலைப் பிளாவில் ஊதி ஊதிக் குடிக்கிற அந்தப் பின்னேரத்துக்காகவே நான் இந்த வீட்டில் இருப்பேன். மன்னார் அக்கா கத்தோலிக்கர். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாளும் வீட்டில் மீன், இறைச்சி இல்லை, அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தவக்கால வெள்ளிகளில் நாங்களும் அவரோடு இறைச்சி தொடமாட்டோம். போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தாதிப் பிள்ளை இரவு வேலை முடித்து வந்த களைப்போடு எனக்குக் கஞ்சி வைத்துத் தந்துவிட்டுத்தான் படுத்தாள்.

காசு மிச்சமா? வாடகையிலும் சாமானிலும் ஆம். கரண்டில் இல்லை. இங்கே அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறும், மாதம் 180 தாண்டினால் மேலே போகும் அலகுகளுக்கு ஆக உயர்ந்த விலை. ஒரே மீட்டரில் ஐந்து மின்விசிறி, தண்ணீர் மோட்டர், இஸ்திரி. தனித்தனி வீட்டில் இருந்தால் ஒவ்வொருவரும் குறைந்த படியில் நின்றிருப்போம். இப்போது இஸ்திரி வாரத்தில் ஒரு நாள், எல்லாருடைய உடுப்பும் சேர்த்து.

இன்னொன்று கிணறு. வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத ஊர், நிலத்தடியில் சுண்ணாம்புக் கல், மேலே விழும் அழுக்கு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். ஐந்து பேர் பாவிக்கிற மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று வீடு பார்க்கும்போதே அளந்து பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை, குழி கிட்ட இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் குடிக்க வெளியில் வடிகட்டிய தண்ணீர் வாங்குகிறோம், அதுவும் கொப்பியில் ஏறும்.

அறை மட்டும் தனி. கதவு சாத்தியிருந்தால் தட்டமாட்டோம், இதில் நாலு வருடமாக யாரும் தவறவில்லை. சாப்பாடு பொது, கதவு சொந்தம் என்று இரண்டும் இருந்தபடியால்தான் இவ்வளவு காலம் தாங்கியது என்பது என் எண்ணம்.

மட்டக்களப்புப் பிள்ளைகளில் மூத்தவள் படிப்பு முடிந்து அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள். அறை பார்க்க வந்த பிள்ளையிடம் வேலை, சம்பளம் ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை. என்ன சமைக்கத் தெரியும் என்று மன்னார் அக்கா கேட்டார். இடியப்பமும் சொதியும் என்றாள். செவ்வாய்க்கிழமை முறையை அவளுக்கு எழுதிவிட்டோம்.