போர்டு மாற்றியதாகச் சொல்லி 1,600 ரூபாய்: வண்ணாரப்பேட்டை பக்கம் ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கடைப் பெயரைப் போடவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை, அவ்வளவுதான்.

அக்கா பையன் லேப்டாப்பில் வீடியோ கேம் ஆட, ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் வைத்த பெட்டி, அதாவது ஒரு ஆர்கேட் கன்ட்ரோலர் செய்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு கிளப்பில் உடைந்த கேரம் போர்டு ஒன்று சும்மா கிடந்தது. அதன் ஒரு மூலையை அறுத்து மேல்பலகை ஆக்கினேன். பலகை தடிமன் என்பதால் அழுத்திப் பொருத்தும் பட்டன் நிற்காது. மரை போட்டு இறுக்கும் பட்டன் எட்டு, ஒரு ஜாய்ஸ்டிக். உள்ளே ‘ஜீரோ டிலே’ என்று விற்கிற யூஎஸ்பி என்கோடர் போர்டு (எந்தப் பட்டன் அழுத்தினோம் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் சர்க்யூட்), ஆன்லைனில் 700 ரூபாய். கேரம் பாக்கெட் ஓட்டை மூலையில் இருந்ததால் கேபிளை அதன் வழியாகவே வெளியே விட்டேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

ஒரு மாதம் ஓடியது. அப்புறம் ஆட்டத்தின் நடுவில் லேப்டாப் ‘டுடுங்’ என்னும், கன்ட்ரோலர் காணாமல் போகும், இரண்டு நொடியில் திரும்ப வரும். “மாமா, மறுபடி கட்டாயிடுச்சு” என்பது வீட்டில் பல்லவி ஆகிவிட்டது. விண்டோஸில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் ‘செலக்டிவ் சஸ்பெண்ட்’ வசதியை அணைத்துப் பார்த்தேன், வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன். மாற்றமில்லை. ஆபீஸ் வேலை நெருக்கியதால் கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் செருகி, மேலே ஒரு தட்டு தட்டினார்.

“போர்டு பூட்ச்சு தம்பி. கடல் காத்துல உப்பு ஏறிக்கும். வேற போடணும், 1,600 ஆவும்.”

“ஆன்லைன்ல 700தான்ணா.”

“அது டூப்ளிகேட்டு.”

பில் கேட்டேன். “பில்லு வேணும்னா 18 பர்சன்ட் தனியா குடு” என்றார். சரி, வேண்டாம் என்று விட்டேன். அது என் தப்பு.

நாலு நாள் கழித்துக் கைக்கு வந்தபோது திருகின் மேல் ஒரு ஸ்டிக்கர்: ‘பிரித்தால் வாரண்டி கிடையாது’. நானே அறுத்து நானே ஒட்டிய பெட்டிக்கு! அன்று ராத்திரியே டுடுங். போன் செய்தால், “அப்ப உன் லேப்டாப் போர்ட்டுதான் கம்ப்ளெய்ன்ட்டு, கொண்டாந்து குடு” என்கிறார்.

ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தேன். உள்ளே இருந்தது என் பழைய போர்டேதான். ஒயர் மாறாமல் இருக்க, முதல் பட்டன் சாக்கெட் பக்கத்தில் அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். பொட்டு அப்படியே இருந்தது. புதிதாகச் சேர்ந்தது கேபிள் பிளக்கின் மேல் ஒரு சொட்டு ஹாட் க்ளூ மட்டும்.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். போர்டில் எரியும் சின்ன எல்இடியைப் பார்த்துக்கொண்டே கேபிளை ஆட்டினேன். லேப்டாப்பில் கன்ட்ரோலர் மறைகிறது, விளக்கு மட்டும் அணையவில்லை. யூஎஸ்பி கேபிளில் வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரம், பச்சையும் வெள்ளையும் தகவல். விளக்கும் சேர்ந்து அணைந்தால் சிவப்பு, கறுப்பைச் சந்தேகப்பட வேண்டும். விளக்கு எரியும்போதே தொடர்பு போனால் முதலில் பச்சை, வெள்ளையைப் பார்க்க வேண்டும். பிளக்கின் கழுத்தருகே பச்சை ஒயரை நகத்தால் லேசாக இழுத்தேன். மேல்தோல் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இழை அறுந்து, இரு முனையும் தொட்டும் தொடாமலும் கிடந்திருக்கிறது.

அறுத்தது எதுவென்றால், நான் பெருமைப்பட்ட அதே பாக்கெட் ஓட்டை. அவ்வளவு பெரிய ஓட்டையில் கேபிளைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. பையன் வெளியே இழுத்த இழுப்பெல்லாம் நேராகப் பிளக்கின் கழுத்துக்குப் போயிருக்கிறது. 90 ரூபாய்க்கு வேறு கேபிள், உள்பக்கம் பலகையோடு சேர்த்து ஒரு ஜிப் டை. வேலை முடிந்தது.

பொட்டு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “மாத்திட்டேன்னு கடைப் பையன்தான் சொன்னான்” என்றார். மாற்றியிருந்தால் கழற்றிய போர்டு எங்கே என்று கேட்டேன், பதிலில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறைதான், அதைச் சொல்லி, “1915க்கு போன் போடட்டுமாண்ணா?” என்றேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கல்லாவிலிருந்து இரண்டு 500 ரூபாய் நோட்டு வெளியே வந்தது.

நீங்கள் எந்தக் கடையில் கொடுத்தாலும், கொடுக்கும் முன் உள்ளே போட்டோ எடுங்கள், போர்டில் ஒரு பொட்டு வையுங்கள், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரணும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீதி 600 “லேபராம்”. ஒரு சொட்டு க்ளூவுக்கு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.