உப்புக்காற்றில் இரண்டு பாடிகள்: கிராப் சென்சாரா, ஃபுல் ஃபிரேமா?

ராமநாதபுரம் பக்கம் படம் எடுக்கிற பையன்கள் "அண்ணே, ஃபுல் ஃபிரேமுக்குப் போயிரலாமா?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பகலில் வெளியே எடுக்கிறாயா, ராத்திரி மண்டபத்துக்குள் எடுக்கிறாயா? பறவை, படகு, கடல் என்றால் கிராப் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு சிறியது) போதும், மிச்சக் காசை லென்ஸில் போடலாம். கல்யாண வேலை பிழைப்பாக இருந்தால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்துவிடும்.

என்னிடம் இரண்டு பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமரா) இருக்கின்றன. 2015-ல் வெளிவந்த நிக்கான் டி7200 கிராப், 2014-ல் வெளிவந்த நிக்கான் டி750 ஃபுல் ஃபிரேம். இரண்டுமே 24 மெகாபிக்சல். ஒரே பேட்டரிதான் இரண்டுக்கும். இரண்டிலும் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான ஜோடி கிடைக்காது. வருஷக்கணக்காக இரண்டையும் தூக்கிக்கொண்டு தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை அலைந்ததை வைத்து எழுதுகிறேன். லேப் டெஸ்ட் எதுவும் செய்யவில்லை.

கணக்கு கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், பழைய ஃபிலிமின் அளவு. நிக்கான் கிராப் சென்சார் 23.5க்கு 15.6. கேனான் இன்னும் சற்றுச் சிறிது. பரப்பளவில் ஃபுல் ஃபிரேம் சுமார் 2.3 மடங்கு. ஒரே காட்சியை ஒரே வெளிச்சத்தில், ஒரே எஃப் எண்ணில் (லென்ஸ் துளையின் அளவு) எடுத்தால் பெரிய சென்சாருக்கு அத்தனை மடங்கு அதிக ஒளி கிடைக்கிறது. ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) ஒன்றுக்குச் சற்று மேல். ஃபுல் ஃபிரேம் பற்றி ஊரில் பேசப்படுகிற மாயம் முழுக்க இந்த ஒரு ஸ்டாப்புக்குள் அடக்கம்.

பூநாரையிலிருந்து தொடங்குகிறேன். தனுஷ்கோடி ரோட்டில், கோதண்டராமர் கோயிலுக்குப் பக்கத்துத் தேங்கு நீரில், மழை ஓய்ந்த மாதங்களில் வந்து நிற்கும். 2025 ஜூனில் தமிழக அரசு அந்தப் பகுதியைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன்பும் சரி, இப்போதும் சரி, பறவையின் குணம் மாறவில்லை. நாம் ஓர் அளவுக்கு மேல் நெருங்கினால் கூட்டமாக நடையைக் கட்டும், இன்னும் நெருங்கினால் எழும்பிவிடும். அதனால் தூரத்திலேயே நின்றுதான் எடுக்கவேண்டும்.

அங்கே ஒரு காலையில் 200-500 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை 500-ல் வைத்து, மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கி) நிறுத்தி, ஒரே பறவையை இரண்டு பாடியிலும் எடுத்தேன். மணல் பறக்கிற இடமாதலால் பாடி மாற்றியது கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து. வீட்டில் இரண்டு ரா ஃபைலையும் (கேமரா பதிந்த மூலக் கோப்பு) பறவை ஒரே அளவில் தெரியும்படி வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். டி7200 படத்தில் வெளிர்மஞ்சள் கண், அதற்குள் கறுப்புப் பாவை, மூக்கின் இளஞ்சிவப்பு முடிந்து கறுப்பு தொடங்குகிற கோடு, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. டி750-ல் கண் இருந்தது, பாவை எது, வெளிவட்டம் எது என்று பிரியவில்லை.

காரணம் எளிது. கிராப் சென்சார் 500-ஐ 750 ஆக்கிவிடும் என்பார்கள். லென்ஸ் அப்படியேதான் இருக்கிறது, சென்சார் சிறியதால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனால் வெட்டுப்பட்டு மிஞ்சுகிற இடத்தில் டி7200 24 மெகாபிக்சலையும் அடைத்து வைத்திருக்கிறது. டி750-ல் அதே பகுதியை வெட்டினால் கையில் நிற்பது சுமார் 10 மெகாபிக்சல். 45 மெகாபிக்சல் உள்ள டி850 வாங்கினால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போகும். காசும் ஹார்ட் டிஸ்கும் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

ஆனால் இந்த ஒப்பீடு செல்லுபடியாவது காலை எட்டரை, ஒன்பது மணி வரைதான். வெயில் ஏறி மணல் சுட்டதும் கானல் அசையத் தொடங்கும். அதன் வழியாக எடுத்தால் பூநாரையின் கால் நெளியும், கழுத்து இரட்டையாகும். எந்த சென்சாரும் அதைச் சரிசெய்யாது. லென்ஸ் ஃபோகஸ் ஆகவில்லை என்று சர்வீஸுக்கு அனுப்பியவர்களையே பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு மேல் 500 லென்ஸோடு தனுஷ்கோடிக் கோடியான அரிச்சல்முனையில் நிற்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பறக்கிற பறவைக்கு இன்னொரு விஷயம். இரண்டு பாடியிலும் 51 ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. டி7200-ல் அவை படச் சட்டத்தின் ஓரம் வரை பரவிக் கிடக்கின்றன, டி750-ல் நடுவில் கூடிக் கிடக்கின்றன. கரைவலை இழுக்கும்போது வலையின் மடி கரையை நெருங்க நெருங்க ஆலாக்கள் (கடற்பறவைகள்) தலைக்கு மேல் வந்து மொய்க்கும். அதில் ஒன்றைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து, இழுப்பவர்களை மறுபக்கம் வைத்து எடுக்க டி750-ல் நான் படாதபாடு பட்டிருக்கிறேன். டி7200-ல் அது சாதாரண வேலை.

இனி மண்டபம். கீழக்கரையில் ஒரு நிக்காஹ். இஷா தொழுகைக்குப் பிறகு பெண் வீட்டு அறையில் எடுக்கவேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் காக்கா (அண்ணன்) வந்து, "தம்பி, ஃபிளாஷ் வேணாம், பெரியவங்களுக்குக் கண்ணு கூசுது" என்றார். சரி காக்கா என்று ஃபிளாஷைக் கழற்றினேன். அறையில் இரண்டு டியூப்லைட். டி750-ல் 50 எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400. அதே லென்ஸை டி7200-ல் போட்டால் 75 லென்ஸின் பார்வைதான் கிடைக்கும். பின்னால் நகர்ந்தால் முதுகு பீரோவில் முட்டும்.

அந்தப் படங்கள் 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் இரண்டு பக்கமும் விரித்து அச்சாகும்போதுதான் சென்சாரின் அளவு கண்ணில் படும். பார்க்கவேண்டியது முகத்தை அல்ல, தலைமுடியை. டி7200-ல் ஐஎஸ்ஓ 6400 போட்டால் கருங்கூந்தலின் நிழலில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக எழும்பும், கிரெய்ன் (பொடிப்புள்ளிகள்) குறைக்கப்போனால் பட்டின் ஜரிகை மெழுகியது போலாகிவிடும். டி750-ல் கிரெய்ன் இருக்கும், நிறம் கெடாது. என் கைக்கு டி7200-ல் 1600 தாராளம், 3200 சமாளிக்கலாம். டி750-ல் 6400 வரை கவலையே இல்லை. தங்கச்சிமடம் பக்கம் தேவாலயக் கல்யாணங்களில் பாதிரியாரும் பீடத்துக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் வேண்டாம் என்பதுண்டு. இந்த ஊர்களில் கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறவர் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன்.

ஃபுல் ஃபிரேம் வாங்கச் சொல்லப்படுகிற மற்றக் காரணங்களில் பாதி இந்த ஊருக்கே ஒவ்வாதவை. ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்தை அகலமாக எடுக்கலாம் என்பார்கள். கேமராவை உள்ளேயே விடமாட்டார்கள். அரிச்சல்முனையில் பால்வீதி எடுக்கலாம் என்பார்கள். இருட்டிய பிறகு அங்கே நிற்க விடுவதில்லை. பாம்பனில் விடியல் எடுக்க டைனமிக் ரேஞ்ச் (இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் திறன்) வேண்டும் என்பார்கள். ஐஎஸ்ஓ 100-ல் நிழலைத் தூக்கினால் இந்த இரண்டு பாடிக்கும் பெரிய பேதம் இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தை ரோட்டுப் பாலத்தில் நின்று எடுக்க எதுவும் போதும், போனும் போதும்.

எடை விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. டி7200 பேட்டரியோடு 765 கிராம், டி750 840. வித்தியாசம் ஒரு டம்ளர் டீகூட இல்லை. சுமை லென்ஸில்தான். டி7200-ன் 18-140 லென்ஸ் அரை கிலோவுக்கும் குறைவு. டி750-ல் நான் போட்டிருக்கும் 24-120 எஃப் 4 சுமார் 710 கிராம், விலையும் அதற்கேற்ப. 200-500 மட்டும் 2.3 கிலோ, அது எந்தப் பாடியிலும் அதே 2.3 கிலோதான்.

இரண்டு பாடி வைத்திருப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் சென்சார் சம்பந்தப்பட்டதே இல்லை. டி7200-ல் 200-500, டி750-ல் 24-120. வீட்டிலேயே மாட்டிவிட்டால் கடற்கரையில் லென்ஸைக் கழற்றவேண்டிய அவசியமே வராது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் மணல் முழங்கால் உயரத்துக்கு ஓடும். "கச்சான் எடுத்துருச்சு தம்பி, கேமராவப் பொத்தி வைங்க" என்று வலை உலர்த்துகிற பெரியவர் சொன்னால் அப்போதே பைக்குள் வைத்துவிட வேண்டும். ஜூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு பொடிமணலும் போகும். தென்கடல் பக்கம் அலை அடித்துத் தெறிக்கிற நாட்களில் லென்ஸ் கண்ணாடியில் உப்புப் படலம் கட்டுவது கண்ணுக்கே தெரியாது. படத்தில் கான்ட்ராஸ்ட் செத்துப்போயிருக்கும்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் புளோயரால் ஊதி மணலை விரட்டவேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியை ஒற்றியெடுக்க வேண்டும். கடைசியாக உலர்ந்த துணி. நேரே துணியைப் போட்டால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். உலர்ந்த துணி மட்டும் போட்டால் உப்பு போகாது, ஓரத்துக்கு ஓரம் நகரும். அப்புறம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. அது 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஜெல்லை அடிக்கடி வறுத்தெடுக்க வேண்டிவரும். தோல் உறைக்குள்ளேயே லென்ஸைப் பூட்டி பீரோவில் வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

இன்று ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் டி750-ஐக் கொடுத்துவிட்டு டி7200-ஐயும் 200-500-ஐயும் வைத்துக்கொள்வேன். கல்யாண ஆர்டர் ஒத்துக்கொள்வதை நிறுத்திய பிறகு, அதற்கு முன்னால் இல்லை.

புதிதாக வருகிறவர் லென்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிக்கானில் கிராப்புக்கான டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் பாடியிலும் மாட்டும், ஆனால் படம் தானாக வெட்டுப்பட்டுச் சிறுக்கும். கேனானில் கிராப்புக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் எஸ்எல்ஆரில் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமரா) மாட்டவே மாட்டாது. பின்னாளில் மாறுகிற எண்ணம் இருந்தால் ஃபுல் ஃபிரேம் லென்ஸாகவே சேர்த்து வாருங்கள். வீட்டு விசேஷம் மட்டும் எடுக்கிறவருக்கு டிஎக்ஸ் 35 எஃப் 1.8 ஒன்றே போதும்.

கம்பெனிகள் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் நல்ல எஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. எல்லோரும் ஷட்டர் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். டி7200, டி750 இரண்டின் ஷட்டரும் 1,50,000 கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டவை, அதையும் பாருங்கள். ஆனால் கடலோர ஊர்க் கேமரா என்றால் அதற்கு முன் பேட்டரி மூடியைத் திறந்து தகடுகளைப் பாருங்கள், ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தின் உட்புறத்தைப் பாருங்கள், அடியில் இருக்கும் திருகுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ, கிளிக் ஐயாயிரம்தான் ஓடியிருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.