மஸ்கிக்கு எந்த அளவு லூர்: சின்னதா, நடுத்தரமா, பெரியதா?

"பெரிய மீனுக்குப் பெரிய லூர் (செயற்கை இரை)" என்பதை, மஸ்கி என்ற வட அமெரிக்க நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் போகும் எல்லோரும் கேட்டிருப்பார்கள். பாதிதான் உண்மை. ஒரு முழ நீளமுள்ள சக்கர் மீனை விழுங்கும் மஸ்கி, விரல் நீளப் பெர்ச்சையும் விடாது. தண்ணீரின் சூட்டையும், அந்த ஏரியில் என்ன இரை ஓடுகிறது என்பதையும் பார்த்துத்தான் நான் அளவை முடிவு செய்வேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஜூன் மாதம் கவார்த்தா ஏரிகளுக்குப் போனால் 4 முதல் 6 இஞ்ச் போதும். முட்டையிட்டு முடித்த மீன், முழுதாகச் சூடேறாத தண்ணீர், கரையோரம் முளைத்துவரும் பாசி. இந்த ஏரிகளில் மஸ்கி நிறைய உண்டு, ராட்சத மீன் குறைவு. ஐந்தாம் எண் சுழல் தகடு (எண் கூடினால் தகடு பெரிது) வைத்த, முக்கால் அவுன்ஸ் மெப்ஸ் மஸ்கி கில்லர் லூர் இங்கே அருமையாக வேலை செய்யும். குளிர்காற்று வீசி மீன் மந்தமாகிவிட்ட நாளிலும் இதுதான் கை கொடுக்கும். ஒரு குறை: கனமான மஸ்கி ராடில் (தூண்டில் கோலில்) இதைத் தூரமாக வீச முடியாது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை 8 முதல் 10 இஞ்ச். 9 இஞ்ச் சூயிக் (மர லூர்), 9 இஞ்ச் புல் டாக் (மென்பிளாஸ்டிக் லூர்), எட்டாம் எண் தகடு இரண்டு கோத்த பக்டெயில் (சுழல் தகட்டோடு குஞ்சம் கட்டிய லூர்) எல்லாம் இந்த வகை. இங்கே நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அதே நீளமுள்ள பக்டெயிலில் பத்தாம் எண் தகடு இருந்தால் தண்ணீரை அடித்துத் தள்ளும் அதிர்வு மிக அதிகம். மஸ்கி உடலின் பக்கக்கோட்டால் அந்த அதிர்வை உணரும். கலங்கிய தண்ணீரிலும் இரவிலும் அதுவே பெரிய லூர் மாதிரிதான். ஆனால் இழுக்கும்போது மணிக்கட்டு கழன்றுவிடும். குறைந்த கியர் விகித ரீல் (மெதுவாக நூல் சுற்றும், இழுக்க இலேசான உருளை) வேண்டும். தெளிந்த தண்ணீரில் எட்டாம் எண் தாராளம்.

நடுத்தர லூரின் உண்மையான பலம், சாயங்காலம் வரை ஒழுங்காக வீச முடிவதுதான். மஸ்கி பல நேரம் படகு வரைக்கும் லூரைப் பின்தொடர்ந்து வரும். அப்போது ராடு நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி, லூரை எட்டு (8) வடிவத்தில் அகலமாகச் சுற்ற வேண்டும். கை சோர்ந்தவர் லூரை அப்படியே மேலே தூக்கிவிடுவார். பின்னால் வந்த மீன் அத்தோடு போச்சு.

அப்புறம், தண்ணீர் 27 டிகிரி செல்சியஸைத் தொட்டால் எந்த லூரையும் வீசாதீர்கள். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன், விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

12 இஞ்சும் அதற்கு மேலும் இலையுதிர் காலத்துக்கு. சிஸ்கோ மீன்கள் முட்டையிடப் பாறைத் திட்டுகளுக்கு வரும்போது பெரிய மஸ்கி பின்னாலேயே வரும். ஜார்ஜியன் விரிகுடாவிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் நான் 12 இஞ்ச் மேக்னம் புல் டாகைத் தயங்காமல் எடுப்பேன். அதைவிடப் பெரிய புல் டாகான பவுண்டர் வேறு கதை: எடையே 16 அவுன்ஸ். சாதாரண மஸ்கி ராடு அதைத் தாங்காது. அதற்கென்றே தடித்த ராடும் 100 பவுண்ட் தாங்கும் பிரெய்டும் (பின்னல் நூலும்) வாங்க வேண்டும். வருஷத்தில் சில வாரத்துக்காக அந்தச் செலவு, முதல் சீசனில் தேவையில்லை.

கடையில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் எட்டாம் எண் இரட்டைத் தகடு பக்டெயில். இரண்டாவதாகச் சின்னது. பெரியதை அக்டோபர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.