கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: ஆள் வராத கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

சென்னையில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் சிகிச்சை) கிளினிக் நடத்துகிறீர்கள், மாலை நேரத்திலும் டேபிள் காலியாகக் கிடக்கிறது என்றால், மாதாமாதம் பணம் கேட்கும் விளம்பர ஏஜென்சியிடம் போகும் முன் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை ஒழுங்காக நிரப்பிப் பாருங்கள். கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கிளினிக்கின் முகவரி, நேரம், ரிவ்யூ எல்லாம் காட்டும் பக்கம் அது. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்த அதே சேவைதான், காசு கிடையாது. முதுகு வலிக்காரர் வேளச்சேரியிலிருந்து அண்ணா நகர் வரை டிராஃபிக்கில் உட்கார்ந்து போக மாட்டார். கூகுளும் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் வரிசை போடுகிறது. அதனால் சின்ன கிளினிக்கும் தன் ஏரியாவில் முன்னால் வர வழியிருக்கிறது.

பலர் சறுக்குவது முகவரியில். நம் ஊரில் பழைய எண், புதிய எண் என்று ஒரே கட்டடத்துக்கு இரண்டு எண்கள். ப்ரொஃபைலில் ஒன்று, வெப்சைட்டில் இன்னொன்று என்று போட்டால் அதே கிளினிக் இரண்டு இடமாகப் பதிவாகி, ரிவ்யூக்களும் இரண்டாகப் பிரிந்துவிடலாம். ஒரே வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். அடுத்து மேப்பில் பின். அது பின்பக்கத் தெருவில் விழுந்திருந்தால் ஆட்டோக்காரர் அங்கேதான் இறக்கிவிடுவார். சாட்டிலைட் படத்தில் பார்த்து, உங்கள் கேட்டுக்கு நேராக இழுத்து வையுங்கள். கிளினிக் மாடியில் என்றால் லிஃப்ட் உண்டா என்று கட்டாயம் எழுத வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருபவருக்குப் படி ஏறுவதுதான் முதல் கவலை. வாசல், பைக் நிறுத்தும் இடம், லிஃப்ட் மூன்றுக்கும் போட்டோ போடுங்கள்.

முதன்மை வகை கைரோபிராக்டர் என்றே இருக்கட்டும். கூடுதலாக 9 வகை சேர்க்கலாம். ஆனால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உண்மையில் உங்களிடம் வேலை செய்தால் மட்டுமே அதைச் சேருங்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரோடு ‘பெஸ்ட்’, ‘நம்பர் ஒன்’, ஏரியா பெயர் என்று ஒட்டவைத்தால் கூகுள் உங்கள் ப்ரொஃபைலையே முடக்கிவிடலாம். மீட்டெடுக்கும்வரை மேப்பில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கிளினிக் உண்மையில் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க கூகுள் வீடியோ கேட்டால் தெரு, பலகை, உள்ளே டேபிள், பூட்டைத் திறப்பது எல்லாம் வெட்டாத ஒரே பதிவாக, 30 விநாடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

விவரப் பகுதியில் 750 எழுத்துதான் இடம். பாதிப் பேருக்குக் கைரோபிராக்டிக் என்றால் நெட்டி எடுக்கிற இடம். சிலர் புத்தூர் கட்டு மாதிரியா என்று கேட்பார்கள். ஆகவே கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி என்று ஜனங்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். எதைப் பார்க்க மாட்டீர்கள் என்பதும் வேண்டும்: எலும்பு முறிவு இங்கே இல்லை, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீரென்று வலுவிழந்தாலோ நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. இப்படி எழுதும் கிளினிக்கை நம்பலாம் என்று ஜனங்களுக்குத் தோன்றும். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்குத் தனிக் கவுன்சில் கிடையாது, எனவே எங்கே படித்தவர் என்பதைச் சான்றிதழ் போட்டோவோடு காட்டுவது அவசியம். ‘ஒரே சிட்டிங்கில் டிஸ்க் சரியாகும்’ மாதிரி வாக்குறுதி வேண்டவே வேண்டாம். பொய் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ரிவ்யூ கேட்க நல்ல நேரம் இரண்டாவது, மூன்றாவது வருகை முடிந்து கிளம்பும்போது. ப்ரொஃபைலிலேயே கிடைக்கும் க்யூஆர் கோடை அச்சடித்து கவுன்ட்டரில் வையுங்கள். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவது கூகுள் விதிப்படி தப்பு. பதில் எழுதும்போது நோயாளியின் வலி, ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது, அவரே எழுதியிருந்தாலும்.

குறைகளும் உண்டு. போகிற வருகிற யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். நேரமும் போன் நம்பரும் மாறியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. ப்ரொஃபைலிலிருந்தே உங்களுக்கு மெசேஜ் அனுப்பும் சாட் வசதியை 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். புள்ளிவிவரத்தில் தெரியும் ‘கால்’ (போன் அழைப்பு) என்பது பட்டனை அழுத்திய எண்ணிக்கைதான், வந்தவர் எண்ணிக்கை இல்லை. ரிசப்ஷனில் ஒரு நோட்டு வைத்து, ‘எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?’ என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினால்தான் உண்மை தெரியும்.

இதெல்லாம் சரியான பிறகும் போதவில்லை என்றால் மட்டும் கூகுள் ஆட்ஸ், அதாவது கிளிக்குக்குக் காசு கட்டிப் போடும் விளம்பரம். கிளினிக்கைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போதும். இருப்பிட அமைப்பில், ‘அங்கே இருப்பவர்கள்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இயல்பாக வருவது ‘அந்த இடத்தில் ஆர்வம் உள்ளவர்களும்’ என்பதுதான், அதை விட்டால் மதுரையில் இருப்பவர் கிளிக்குக்கும் நீங்கள் காசு கட்டுவீர்கள். கோர்ஸ், சம்பளம், வேலை ஆகிய சொற்களைத் தவிர்ப்புப் பட்டியலில் போட்டுவிடுங்கள், அந்தச் சொற்களோடு தேடுபவர்களுக்கு விளம்பரம் போகாது. அதோடு, மதியம் 1 முதல் 4 வரை ரிசப்ஷன் போனை எடுக்க ஆள் இல்லை என்றால் அந்த நேரத்தில் விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள். எடுக்காத போனுக்கு மறுபடி அடிக்க மாட்டார்கள், பட்டியலில் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்கள்.