தினசரி மாத்திரையா, மாதாந்திர ஊசியா? மனச்சிதைவு மருந்தைத் தொடரும் இரு வழிகள்

மனச்சிதைவு நோயின் முதல் சீற்றம் அடங்கி, மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அந்த மருந்தை எந்த வடிவில் எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எழுகிறது. தினமும் விழுங்கும் மாத்திரை ஒரு வழி. தசையில் போடப்பட்டு, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும் டிப்போ ஊசி மற்றொரு வழி. நான் சில ஆண்டுகள் ரிஸ்பெரிடோன் மாத்திரையில் இருந்துவிட்டு, மருத்துவரோடு கலந்து பேசி, மாதம் ஒருமுறை போடும் பாலிபெரிடோன் ஊசிக்கு மாறியவன். இன்றும் அதையே தொடர்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு ஊசியின் பக்கம் சாய்ந்திருப்பதை வாசிப்பவர் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

வெளிப்படையான வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். மாத்திரை வலிக்காது, ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிக்கும். மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்; ஊசிக்குச் செவிலியரிடம் போக வேண்டும். மருந்தின் வேலை இரண்டிலும் ஒன்றுதான்: மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பெறும் டி2 ஏற்பிகளை மறிப்பது. ரிஸ்பெரிடோனைக் கல்லீரல் மாற்றும்போது உண்டாகும் பொருளே பாலிபெரிடோன் என்பதால், எனக்கு மருந்து மாறியது என்றுகூட முழுமையாகச் சொல்ல முடியாது. எடை கூடுதல், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் உயர்வு, கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார விடாத தவிப்பு ஆகியவை ஊசியிலும் வரக்கூடும். ஊசிக்கு மாறினால் பக்க விளைவுகள் நீங்கிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமே அடைவார். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் மருந்தின் அளவு உயர்ந்து பின் தாழ்கிற அந்த ஏற்ற இறக்கம் ஊசியில் குறைகிறது. அதனால் எனக்குப் பகல் நேர மந்தம் சற்றுக் குறைந்தது. இது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாத்திரைக்கு உரிய பெருமையையும் மறுக்கக் கூடாது. சிகிச்சையின் தொடக்கத்தில், எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எவ்வளவு போதும் என்பது தெரியாத நிலையில், மாத்திரையே சரியான வழி. இன்று இரண்டு மில்லிகிராம், அடுத்த வாரம் மூன்று என்று கூட்டலாம். உடல் விறைத்தால் மறுநாளே குறைக்கலாம். குளோசபின் தேவைப்படுபவருக்குத் தேர்வு என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்குத் தரப்படும் அந்த மருந்து நடைமுறையில் மாத்திரையாகவே தொடரப்படுகிறது. வெள்ளையணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க அதற்கு இரத்தப் பரிசோதனையும் தொடர்ந்து செய்ய வேண்டும். இரண்டு நாள்களுக்கு மேல் விட்டுவிட்டால் 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதே பழக்கமாகிவிட்ட ஒருவர், ஊசி புதியது என்பதற்காக மட்டும் அதற்கு மாற வேண்டியதில்லை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசியின் பயன் மறதிக்கு மருந்தாக இருப்பது என்றே பலரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மறதிக்கு ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டியும் கைப்பேசியின் அலாரமும் ஓரளவு உதவும். நோய் மீண்டும் தலைதூக்கும்போது, மருந்து உடம்பில் இருந்ததா இல்லையா என்பதற்கு ஐயமில்லாத விடை கிடைப்பதுதான் ஊசியின் பெரும் பயன். காதில் மறுபடி குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், மருத்துவர் முன் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன: மருந்து தவறியிருக்கலாம், அல்லது மருந்து தோற்றிருக்கலாம். தவறியிருந்தால் அதே மருந்தை ஒழுங்காகத் தர ஏற்பாடு செய்ய வேண்டும். தோற்றிருந்தால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டும். மாத்திரையில் இருப்பவரின் விஷயத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்கு இருக்கும் சான்று பெரும்பாலும் நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றே. அந்தச் சொல்லும் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடந்த மாதத்தின் முப்பது இரவுகளில் எத்தனை இரவு மாத்திரை போட்டோம் என்பதை நேர்மையானவராலும் சரியாகச் சொல்ல முடிவதில்லை.

இந்த ஐயத்தின் விளைவு சிறியது இல்லை. பாதி நாள் உட்கொண்ட மருந்தை முழு நாளும் உட்கொண்டதாகக் கருதி அளவைக் கூட்டினால், பின்னர் உண்மையிலேயே தினமும் போடத் தொடங்கும்போது அந்தக் கூடுதல் அளவு உடம்பை வாட்டும்; விறைப்பும் தூக்கமும் தாங்காமல் அவர் மறுபடி நிறுத்துவார். இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதுமான அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தும் பலனில்லாதபோதுதான் ஒருவரின் நோயை மருந்துக்குக் கட்டுப்படாத நோய் என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த ஆறு வாரமும் மருந்து உள்ளே போனதா என்பதே உறுதியாகத் தெரியாவிட்டால் வகைப்படுத்தலும் ஆட்டம் காண்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள் என்று கருதப்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தின் அளவு போதிய மட்டத்துக்குக் கீழேயே இருந்தது. அவர்களில் சிலரின் உடல் மருந்தை வேகமாகச் சிதைத்திருக்கலாம். சிலர் மாத்திரையைத் தவறவிட்டிருக்கலாம். ஊசியில் இருப்பவருக்கோ, தேதியும் அளவும் மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. தவறிய ஊசி தவறிய அன்றே தெரிந்துவிடுகிறது. தவறியதற்கும் நோய் திரும்புவதற்கும் இடையே செயல்பட அவகாசமும் கிடைக்கிறது. பாலிபெரிடோனை நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு நோய் திரும்புவதற்கு ஆன காலம், மாத்திரையில் ஏறக்குறைய இரண்டு மாதம், மாத ஊசியில் ஆறு மாதம், மூன்று மாத ஊசியில் பதின்மூன்று மாதம் என்று அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வுகளை ஒப்பிட்டவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதன் இன்னொரு பக்கம் வீட்டுக்குள் இருக்கிறது. மாத்திரைக் காலத்தில், நான் சற்று உரக்கப் பேசினாலும் அம்மாவின் முதல் கேள்வி, "மாத்திரை போட்டியாப்பா?" என்பதாகவே இருக்கும். கேட்பவருக்கு அது அக்கறை. கேட்கப்படுபவருக்கு அது விசாரணை. நியாயமான கோபத்துக்கும் நோயின் அறிகுறிக்கும் அந்தக் கேள்வி வேறுபாடு காண்பதில்லை. ஊசிக்கு மாறிய பின் அந்தக் கேள்விக்கு வீட்டில் வேலை இல்லாமல் போனது. இந்த நிம்மதி எந்த ஆய்வின் அட்டவணையிலும் ஏறாது என்றாலும், எனக்கு இதன் எடை அதிகம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், ஊசிக்கு நான் நினைத்த அளவு தெளிவான வெற்றி கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 2005-இல் வெளியான கேட்டி (CATIE) என்ற ஆய்வில், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மருந்தை 18 மாதத்துக்குள் நிறுத்தியவர்கள் 74 சதவீதம். அதில் பக்க விளைவால் நிறுத்தியவர்களும், பலன் போதாமல் மருத்துவரே மாற்றியவர்களும் அடக்கம். சுவீடனில் ஏறக்குறைய முப்பதாயிரம் நோயாளிகளின் பதிவேடுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வில், அதே மருந்தின் மாத்திரையைவிட ஊசியில் மருத்துவமனையில் மீண்டும் சேர்க்கப்படும் அபாயம் 20 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ரிஸ்பெரிடோன் ஊசியை மாத்திரைகளோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனைச் சேர்க்கையில் வேறுபாடு தென்படவில்லை. ஆய்வில் சேர ஒப்புக்கொள்பவர் ஏற்கெனவே மருந்தை ஓரளவு மதிப்பவர், ஆய்வுக் காலத்தில் அவரை அடிக்கடி அழைத்துப் பேசுகிறார்கள், ஆகவே மாத்திரைக் குழுவும் வழக்கத்தைவிட ஒழுங்காக இருந்துவிடுகிறது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எனினும் என் சாய்வு அப்படிப் படச் செய்கிறதோ என்ற ஐயமும் உண்டு.

ஊசியின் பெரிய குறை, போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதே. மாத்திரையால் கடுமையான பக்க விளைவு வந்தால் நிறுத்திய சில நாள்களில் மருந்து வெளியேறிவிடும். மாத ஊசியின் மருந்து பாதியாகக் குறையவே 25 முதல் 49 நாள் ஆகலாம். காய்ச்சலும் தசை இறுக்கமும் கொண்ட நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற அரிய ஆபத்து ஏற்பட்டால், உள்ளே மருந்து எஞ்சியிருப்பதால் மீள்வதும் தாமதமாகிறது. இதனால்தான், முன்பே மாத்திரையாகப் போட்டு ஒத்துக்கொண்ட மருந்தை மட்டுமே ஊசியாகத் தருகிறார்கள். ஓலன்சபின் ஊசிக்கு மற்றொரு தனி நிபந்தனை உண்டு: மருந்து மிக அரிதாக நேரே இரத்தத்தில் கலந்து ஆழ்ந்த மயக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அரை நாளைக் கேட்கும் அந்த ஏற்பாடு எனக்கு ஒத்துவந்திருக்காது.

எள் எண்ணெயில் கரைத்துத் தரப்படும் ஹாலோபெரிடோல் டெக்கனோயேட், புளூபெனசின் டெக்கனோயேட் போன்ற பழைய ஊசிகளை நான் போட்டுக்கொண்டதில்லை. அவற்றில் விறைப்பும் நடுக்கமும் கூடுதல் என்பது பொதுவான கருத்து. எள் ஒவ்வாமை உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் ஒருமுறை போடும் ஊசிகளும் அனுபவத்தில் எனக்கு அந்நியமானவை. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மாதாமாதம் செவிலியரைப் பார்க்கும் வழக்கத்தோடு எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படுகின்றன. அந்தச் சந்திப்பை இழக்க எனக்கு மனமில்லை. சர்க்கரை, கொழுப்புச் சோதனைகள் ஊசியிலும் மாத்திரையிலும் தேவை. ஊசிதான் போட்டாயிற்றே என்று இரு தரப்பும் அவற்றை விட்டுவிடுவது எளிதில் நடக்கக்கூடியது.

ஊசியைத் தண்டனையாகப் பேசும் வழக்கம் சில மருத்துவ அறைகளிலும் பல வீடுகளிலும் இருக்கிறது: மாத்திரை போடாவிட்டால் ஊசிதான் என்று மிரட்டுவது. அப்படி மிரட்டப்பட்டவர் ஊசியை வெறுப்பதில் வியப்பில்லை. நோய் அடங்கி, தெளிவாகப் பேசக்கூடிய நிலையில், தானே கேள்வி கேட்டு முடிவெடுத்தவருக்கும், கையைப் பிடித்துப் போடப்பட்டவருக்கும் ஊசி ஒன்றாக இருக்காது.

மாற முடிவு செய்பவர் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. பாலிபெரிடோனை முதல் நாளும் எட்டாம் நாளும் மேற்கையில் போட்டுத் தொடங்குவதால், கூடவே மாத்திரை தேவைப்படுவதில்லை. மாதாந்திர அரிப்பிபிரசோல் ஊசியில் வழக்கமாக முதல் 14 நாள் மாத்திரையையும் தொடர வேண்டும். அதை நிறுத்திவிட்டு, ஊசி வேலை செய்யவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. பாலிபெரிடோனின் அளவு நாட்டுக்கு நாடு இரு வகையாக எழுதப்படுகிறது: ஓரிடத்தில் 100 மில்லிகிராம் என்பது வேறிடத்தில் 156 என்று இருக்கும். மருத்துவரை மாற்றும்போது பழைய சீட்டைக் கையில் வைத்திருப்பது அவசியம். தேதி விஷயத்தில் மாத ஊசிக்கு முன்னும் பின்னும் ஏழு நாள் சலுகை உண்டு. கடைசி ஊசியிலிருந்து ஆறு வாரம் தாண்டிவிட்டால் வழக்கமான அடுத்த ஊசி மட்டும் போதாது. ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு மருந்தின் அளவை மறுபடி ஏற்ற வேண்டும், ஆறு மாதம் தாண்டினால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.